எறும்பு கடிச்ச மாதிரிதான்

குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளை சேர்ந்ததும் நடக்கிற முதல் அறுவை சிகிச்சை, அப்பாவை வெட்டி எடுப்பது. மயக்க மருந்து கிடையாது, கையெழுத்து கிடையாது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி ஒற்றை ஆளாகச் செய்து முடித்துவிடுவார். “யோவ், இது பொம்பளைங்க இருக்கற வார்டு. வெளிய போய்யா.” அதுவரை அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்த நாலு வயதுப் பிள்ளை, காய்ச்சலைவிடப் பெரிய ஏதோ ஒன்று தனக்கு வந்திருக்கிறது என்று அந்த நொடியில்தான் தெரிந்துகொள்கிறது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, அப்போதுதான் வீறிட்டு அழத் தொடங்கும்.

வெட்டி எடுத்த அப்பாவை வீணாக்குவதில்லை. வார்டுக்குள் நிற்க லாயக்கில்லாத அந்த மனிதர், ரத்தக் குப்பியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட மட்டும் லாயக்கானவர். “பெட் நம்பர் பதினாலு அட்டெண்டர் யாரு?” என்று குரல் வந்ததும் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். கதவிடுக்கில் குப்பி நீளும். வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடம், அங்கே வரிசை, சீட்டில் சீல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், சீல் போட ஒரு மாடி, மறுபடி வரிசை. கையில் பிள்ளையின் ரத்தம் சூடாக இருக்கும். பிள்ளையைப் பார்க்க மட்டும் பாஸ் இருக்காது. பாஸ் ஒன்றுதான், அது அம்மாவிடம். பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு என்று போர்டு சொல்கிறது. அந்த நேரத்தில் அவர் ஸ்கேன் சீட்டுக்குக் கையெழுத்து வாங்க இன்னொரு வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இதில் ஓர் அதிசயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று கைமாறினால், அது பொம்பளைங்க இருக்கிற வார்டு என்பது கால் மணி நேரத்துக்கு மறந்துபோகும். பால் கொடுக்கும் தாய்மாரின் மானத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை தொங்கவிட்டால் போதும். திரைச்சீலையிடம் யாரும் ஐம்பது ரூபாய் வாங்க முடியாது. திரைச்சீலை தொங்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

உள்ளே இருக்கும் அம்மாவுக்கு மட்டும் ராஜ மரியாதையா என்ன? அவருக்குப் பெயர் இல்லை. “பதினாலு அம்மா, இங்க வா” என்றால் போதும். கட்டில் பிள்ளைக்கு, கட்டிலுக்குக் கீழே விரித்த பாய் அம்மாவுக்கு. காலை ரவுண்ட்ஸ் வருவதற்கு முன் பாய் மறைய வேண்டும், பை மறைய வேண்டும், ஃபிளாஸ்க் மறைய வேண்டும், முடிந்தால் அம்மாவும் மறைய வேண்டும். பெரிய டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்து, கூட வந்த சின்ன டாக்டர்களிடம் இங்கிலீஷில் பேசி, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ராத்திரி முழுக்க எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை மூச்சு இழுத்தது என்று விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிற ஒரே ஆள், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் தூணுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொள்வார்கள். டிரிப்ஸ் பாட்டில் முடிகிறதா என்று பார்க்க அம்மா. நெபுலைசர் மாஸ்க்கை மூஞ்சியில் அழுத்திப் பிடிக்க அம்மா. ஈரத்துணி போட்டுத் துடைக்க, எத்தனை முறை மூத்திரம் போனது என்று கணக்குச் சொல்ல, நாறுகிற கக்கூஸைப் பிள்ளை உட்கார்கிற அளவுக்குக் கழுவிவிட எல்லாவற்றுக்கும் அம்மா. பாட்டில் காலியாகிக் குழாயில் ரத்தம் திரும்பி ஏறிவிட்டால், “தூங்கிட்டியா நீ? என்ன பொம்பள நீ?” என்று திட்டு வாங்கவும் அம்மாதான். சம்பளமில்லை, ஷிஃப்டு இல்லை, நாற்காலிகூட இல்லை. வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார்.

சிஸ்டர் மேல் கோபப்படுவது சுலபம். நானும் பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு ராத்திரியில் அந்த ஒரு பெண் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறார் என்று பார்த்தால் கோபம் வேறு திசைக்குத் திரும்பும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி வந்த செவிலியர்களுக்கு இந்த மாநிலம் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது, சேவை மனப்பான்மை இல்லையா என்று கேட்டோம். சேவை மனப்பான்மை என்பது இங்கே எப்போதும் கீழே இருப்பவர்களிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் சரக்கு. நர்ஸை நியமிக்கும் செலவை மிச்சம் பிடித்து, அந்த இடத்தில் அம்மாவை நிறுத்தியிருக்கிறோம். அம்மா இலவசம். அதற்குப் பெயர் நிர்வாகத் திறமை.

இதில் உள்ள கொடுமையான வேடிக்கை என்னவென்றால், அம்மா கூட இருக்க வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. 1950 வாக்கில் லண்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமத்தாக இருக்கிறது, ஆகவே வராமலிருப்பதே நல்லது என்பது அன்றைய மருத்துவ ஞானம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்கிற சமூகப் பணியாளர் ஒரு சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு, குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தனியே சேர்க்கப்பட்ட இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையைப் படம் பிடித்தார். நிர்வாகம் காட்டும் நேரத்தில் எடுக்காமல், தினமும் ஒரே நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரிகிற மாதிரி எடுத்தார். பின்னாளில் ஏமாற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? முதலில் அழுகை, பிறகு அடக்கிய விசும்பல், கடைசியில் அம்மா வந்து கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை. 1952-இல் லண்டனில் மருத்துவர் சபையில் திரையிட்டபோது டாக்டர்கள் கொதித்தார்கள். எங்கள் தொழிலுக்கு இழுக்கு என்றார்கள். பிள்ளை அடங்கிப் போனது தேறியதால் அல்ல, நம்பிக்கை செத்ததால் என்றார் ராபர்ட்சன். 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் கமிட்டியின் அறிக்கை வந்தது. பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளையோடு தாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது.

நம் வார்டுகளில் இன்றும் கேட்கலாம்: “மொத ரெண்டு நாள்தான் கத்துனான். இப்ப செட் ஆயிட்டான், சமத்து.”

பிளாட் கமிட்டி அன்பின் பேரால் கேட்டதை நாம் ஆள் பற்றாக்குறையின் பேரால் செய்துகொண்டிருக்கிறோம். தாய் உள்ளே இருக்கிறார், மருந்தாக அல்ல, கூலியாள் இல்லாத குறைக்கு. வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் வேலூருக்குப் போகலாம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1950-களின் இறுதியில் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பமும் வந்து தங்க வேண்டும், குடும்பம் சிகிச்சையின் ஒரு பங்கு என்று வைத்தது. அதற்குச் சற்று முன்பே அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மனநோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். கூடாரம். அவ்வளவுதான் செலவு. அறுபது எழுபது வருடத்துக்கு முன் இந்த நாட்டில் ஒரு கூடாரத்துக்குள் அடங்கிய அறிவு, இன்று பல மாடிக் கட்டடத்துக்குள் நுழைய பாஸ் இல்லாமல் வாசலில் நிற்கிறது.

ஊசிக்கு வருவோம். நம் வீடுகளில் டாக்டருக்கும் போலீஸ்காரருக்கும் பூச்சாண்டிக்கும் ஒரே உத்தியோகம். சோறு தின்னாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார், தூங்காவிட்டால் ஊசி போட்டுவிடுவார் என்று ஐந்து வருடம் பாடம் நடத்திவிட்டு, ஆறாம் வருடம் அதே டாக்டர் முன் பிள்ளையைக் கிடத்துகிறோம். அப்போது ஊரே கூடி ஒரு பொய்யைச் சொல்லும். “ஒண்ணும் இல்லடா கண்ணா, எறும்பு கடிச்ச மாதிரிதான்.” எந்த ஊர் எறும்பு என்று பிள்ளை கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்கள், “நீ அழுவ, அவனும் அழுவான், போம்மா.” ஒருவர் காலைப் பிடிப்பார், ஒருவர் தோளை அமுக்குவார், ஒருவர் புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுவார். கிடைக்காது. இன்னொரு கை. அங்கும் கிடைக்காது. அப்புறம் கால். ஒரு வழியாக வென்ஃப்ளான் என்கிற டிரிப்ஸ் ஊசி ஏறி, அட்டை வைத்துக் கட்டி, கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிடுவார்கள். இனி அந்தப் பிள்ளை அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கட்டிலுக்கடியில் பதுங்கும். மூன்று நாளில் அந்த ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி போட வேண்டும். இரண்டாம் முறை எறும்பைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. ஒரு மணி நேரம் முன்பு தடவி வைத்தால் பாதிப் பாடு குறையும். கைக்குழந்தை என்றால் ஊசி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கலாம். பெரிய பிள்ளையை அம்மா மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். தடுப்பூசியின் வலியைக் குறைப்பது பற்றி 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அதன் ஆளே பக்கத்தில் இருக்கட்டும், பால் குடிக்கும் குழந்தை பால் குடிக்கட்டும். களிம்பைத் தவிர, காசு கேட்கிற யோசனை ஒன்றுமில்லை இதில். அதனாலோ என்னவோ, இதற்குத் திறப்பு விழா நடத்த யாரும் முன்வருவதில்லை.

திறப்பு விழா என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் பார்த்த ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விளையாட்டு அறை ஒன்று உண்டு. வாசலில் கிரானைட் கல்வெட்டு. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை அளித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று அத்தனை பேர் பெயரும் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. சுவரில் சோட்டா பீம் லட்டு தின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தால் ஆடுகுதிரை ஒன்று, வந்த பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தது. கதவில் பூட்டு. வென்ஃப்ளான் கட்டிய கையோடு இரண்டு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி எங்கே என்று கேட்டேன். ஹெட் நர்ஸ் பீரோவில். ஹெட் நர்ஸ்? இன்று ஆஃப். ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அங்கே இருந்த சிஸ்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “பொம்மையெல்லாம் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறியிருக்கு சார். ஒண்ணு உடைஞ்சா ஆடிட்ல நான் பதில் சொல்லணும். பசங்க உடைக்காம இருப்பாங்களா?”

அரசு நிர்வாகம் குழந்தையைப் புரிந்துகொண்ட விதம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. பொம்மைக்குப் பதிவேடு உண்டு, வரிசை எண் உண்டு, உடைந்தால் விளக்கம் கேட்டு மெமோ உண்டு. பிள்ளை உடைந்தால்? அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? பயந்து நடுங்கி, ராத்திரி படுக்கையை நனைத்து, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் வெள்ளை கோட்டைக் கண்டால் அலறுகிற பிள்ளையை எந்த ஆடிட்டரும் எண்ணுவதில்லை. ஆகவே அந்த சிஸ்டர் செய்தது சரி. கேள்வி கேட்கப்படும் பொருளைப் பூட்டினார், கேள்வி கேட்கப்படாத பொருளை வெளியே விட்டார். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது, 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பும் யாரோ ஒருவரின் பீரோவில் பத்திரமாக இருக்கும். உடையாது.

அமைச்சர் ஆய்வுக்கு வரும் நாளில் அறை திறக்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று பெட்ஷீட்டின் நிறமும் மாறுமாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு வந்த குடும்பத்துக்கு மாநில அரசு உருப்படியாகச் செய்த ஒரு காரியம், சில பெரிய மருத்துவமனை வளாகங்களில் திறந்த அம்மா உணவகம். ஒரு ரூபாய் இட்லி. நடைபாதையில் படுத்தெழும் அப்பாவுக்கு அது தெய்வம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கொடுக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து நாள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கொத்தனாரின் பதினைந்து நாள் கூலிக்கு எந்த அட்டையும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது பிள்ளை பிழைத்திருக்கும், குடும்பம் கந்துவட்டிக்காரரிடம் அட்மிட் ஆகியிருக்கும்.

அதற்குத் தனியார் மருத்துவமனையே மேல் என்பீர்கள். உண்மை, அங்கே “யோவ்” கிடையாது. “சார்” உண்டு. ஏசி உண்டு, மீன் தொட்டி உண்டு. அட்வான்ஸ் கட்டும் கவுண்டரில் அப்பாவை யாரும் ஆம்பளை என்று தடுப்பதில்லை, அங்கே இருபத்து நாலு மணி நேரமும் அவருக்கு அனுமதி. பச்சிளம் பிள்ளை இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷம். ஏன் என்றால் இன்ஃபெக்‌ஷன்.

இந்த இன்ஃபெக்‌ஷன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த எட்கர் ரே என்கிற டாக்டர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கத் தொடங்கினார். ஏழை நாட்டு வைத்தியம் என்று சிரித்தார்கள். 2021-இல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் இந்த முறை பற்றி நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நம் டெல்லி சப்தர்ஜங் அரசு மருத்துவமனையும் அதில் ஒன்று. பிறந்ததிலிருந்தே தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குழந்தையோடு வைத்தபோது முதல் 28 நாளில் சாவு 25 சதவீதம் குறைந்தது. தொற்றும் கூடவில்லை, குறையத்தான் செய்தது. இதைவிட என்ன வேண்டும்? நாலில் ஒரு சாவைத் தடுக்கிற மாத்திரையை ஒரு கம்பெனி கண்டுபிடித்திருந்தால், அதன் ரெப் இந்நேரம் ஒவ்வொரு டாக்டரின் அறை வாசலிலும் டைரியோடு நின்றிருப்பார். அம்மாவின் மார்புக்கு எம்.ஆர்.பி. ஒட்ட முடியாது. பில்லில் ஏறாத மருந்தை யார் எழுதித் தருவார்கள்?

பில்லில் ஏறுவது எப்படி ஏறும் என்றும் நமக்குத் தெரியும். 2017-இல் குருகிராமின் ஒரு தனியார் மருத்துவமனையில் டெங்குவுக்குச் சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமிக்கு, இரண்டு வாரச் சிகிச்சைக்குக் கிட்டத்தட்ட 16 லட்சம் ரூபாய் பில் போட்டார்கள். அதில் 660 சிரிஞ்சு, 2,700 கையுறை. பிள்ளை பிழைக்கவில்லை. கையுறை மாட்டிய அத்தனை கைகளில் ஒன்றாவது அந்தப் பிள்ளையின் கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்ததா என்பதற்கு பில்லில் வரி இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு தேசிய மருந்து விலை ஆணையம் தலைநகர்ப் பகுதியின் சில தனியார் மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்துவிட்டு, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போகிறது என்றது. சிரிஞ்சுக்கும் கையுறைக்கும் கணக்கு எழுதத் தெரிந்த இந்தியாவில், பயத்துக்குக் கணக்கு எழுத மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆக, அரசு மருத்துவமனைக்குள் குடும்பம் கூலியாளாகப் போகிறது, தனியார் மருத்துவமனைக்குள் பர்ஸாகப் போகிறது. குடும்பமாகப் போக எந்த வாசலும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி அமைச்சருக்கு எழுதலாம். எழுதினால் பதில் வரும், “தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது” என்று. உரிய நடவடிக்கை எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதனால் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க நேர்ந்தால் எறும்பை இழுக்காதீர்கள். வலிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஊசி போடும்போது வெளியே போகச் சொன்னால், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அப்பாவுக்கு அனுமதியில்லை என்றால், எந்த உத்தரவில் இருக்கிறது, காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அரசு மருத்துவமனை பற்றிய புகாரை 104-க்குச் சொல்லலாம். பில் பாக்கி என்று பிள்ளையை அனுப்ப மறுத்தால் பயப்படாதீர்கள். பணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியைப் பிடித்துவைக்க மருத்துவமனைக்கு உரிமையில்லை என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து 2018-இல் வெளியான நோயாளிகள் உரிமை சாசனம் சொல்கிறது. பொருள்வாரியாக பில் கேட்பதும், மருந்தை வெளிக்கடையில் வாங்குவதும் அதே சாசனத்தில் உங்கள் உரிமைகள். அப்படியும் பிள்ளையை விட மறுத்தால் 1098-ஐக் கூப்பிடுங்கள். அது குழந்தைகளுக்கான எண், கட்டணம் கிடையாது.